கோயில் காட்டு மண்ணில் உள்ள கரிமத்தை அளப்பது எப்படி

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ஐயனார் கோயில்களைச் சுற்றி இன்றும் நிற்கும் சிறு காடுகள், சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சங்கள். வீரையும் காசாவும் உலக்கைப் பாலையும் உதிர்க்கும் இலைகள் மக்கி, செம்மண்ணில் கரிமமாகச் சேர்கின்றன. ஈரம் இருக்கும்போது வெப்பம் 10 பாகை கூடினால் மண் நுண்ணுயிர்களின் சிதைவு வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதால், சேர்ந்த கரிமம் தங்குகிறதா, கரியமில வாயுவாகத் திரும்பிப் போகிறதா என்பதை நம் காடுகளிலேயே அளந்து பார்ப்பது அவசியம். பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் தம் மாணவர்களோடு இதைச் செய்யலாம்.

முதலில் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லி இசைவு பெறுங்கள்; காடு வனத்துறையின் பொறுப்பில் இருந்தால் அவர்களின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் ஏற்றவை, ஏனெனில் அப்போது மண் எடுக்கும் இரும்பு வளையம் இறங்கும் அளவுக்கு மண்ணில் ஈரம் இருக்கும். மண்ணின் மூச்சையும், அதாவது மண் வெளிவிடும் கரியமில வாயுவையும், அளப்பவர்கள், நெடுங்கோடைக்குப் பின் விழும் முதல் மழையை ஒட்டிய நாள்களைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். காய்ந்த மண் நனைந்தவுடன் கரியமில வாயு சட்டென்று பொங்கும். அந்த ஒரு நாள் அளவை ஆண்டு முழுவதற்கும் பெருக்கினால் கணக்கு தவறிவிடும்.

காட்டின் நடு, விளிம்பு, மரம் சாய்ந்து வெயில் விழும் இடம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பல புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இக்கரையில் பெருமளவு மரங்களைச் சாய்த்ததை நினைத்தால், இந்தப் பிரிவு ஏன் தேவை என்பது விளங்கும்: திடீரென விழும் மரம் மண்ணுக்கு உணவாகும், அதே நேரத்தில் நிழலும் போய்விடும்.

ஒவ்வொரு புள்ளியிலும் சருகை 50 செ.மீ. சதுரச் சட்டத்துக்குள் வாரித் தனிப் பையில் இடுங்கள். அது மண்ணோடு கலக்கக் கூடாது. பிறகு 0–10, 10–20, 20–30 செ.மீ. என மூன்று அடுக்குகளில் மண் எடுங்கள். 5 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. உயரமும் உள்ள இரும்பு வளையத்தின் கொள்ளளவு சுமார் 98 கன செ.மீ. சரளை மிகுந்து வளையம் இறங்காத இடத்தில் சிறு குழி தோண்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, அளவுக் குவளையால் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினால் குழியின் கொள்ளளவு தெரிந்துவிடும்.

எடுத்த மண்ணை 105 பாகையில் எடை மாறாத நிலைவரை உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, சரளையைத் தனியே எடையிடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். எடுத்துக்காட்டாக, 98 கன செ.மீ. வளையத்தில் உலர் எடை 133 கிராம், அதில் சரளை 40 கிராம், சலித்த மண்ணில் கரிமம் 1.2 சதவீதம் எனக் கொள்வோம். சரளையைக் கழிக்காமல் 133ஐ 98 ஆல் வகுத்து அடர்த்தி 1.36 என எடுத்தால், மூன்று அடுக்கும் இதே போன்றவை என்று வைத்து, 30 செ.மீ. ஆழத்துக்கு எக்டேருக்குச் சுமார் 49 டன் கரிமம் வரும் (சதவீதம் × அடர்த்தி × செ.மீ. ஆழம்). மிஞ்சிய 93 கிராம் நுண்மண்ணை 98 ஆல் வகுத்துக் கிடைக்கும் 0.95ஐ வைத்தால் 34 டன்தான். மண்ணில் இல்லாத 15 டன்னை இருப்பதாக எழுதிவிடும் ஆபத்து சரளை நிறைந்த நம் செம்மண்ணில் அதிகம்.

கரிம சதவீதத்தை மண் பரிசோதனை நிலையத்திலோ கல்லூரி ஆய்வகத்திலோ பொட்டாசியம் டைகுரோமேட் முறையில் பெறலாம். அம்முறை எல்லாக் கரிமத்தையும் பிடிப்பதில்லை என்பதால் வழக்கமாக 1.3 ஆல் பெருக்குவார்கள். அவர்கள் தரும் எண்ணில் அது ஏற்கெனவே சேர்க்கப்பட்டுவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடர் கந்தக அமிலம் கையாளப்படுவதால் மாணவர்களைத் தனியே விடக் கூடாது.

புள்ளிகளின் இடக்குறிப்பு, எடுத்த மாதம், உலர்த்திய முறை, சரளை எடை ஆகிய அனைத்தையும் ஒரே ஏட்டில் எழுதி வையுங்கள். மண்ணின் கரிமம் மெல்ல மாறுவது. ஐந்து ஆண்டுகள் கழித்து வேறொரு குழு அதே மாதத்தில் அதே இடங்களுக்கு அருகே அதே முறையில் எடுத்தால்தான், கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட முடியும்.