அடையாற்றுக்கு வெள்ள மாதிரி: ஏரிகளைத் தொலைக்காமல் அமைப்பது எப்படி?

பெய்த மழை சென்னையின் அடையாற்றில் எவ்வளவு வெள்ளமாக, எப்போது வரும் என்று கணினியில் கணக்கிடுவதே வெள்ள மாதிரி. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இலவசமாகத் தரும் எச்.இ.சி-எச்.எம்.எஸ் (HEC-HMS) மென்பொருளே இதற்குப் போதும். விண்வெளியிலிருந்து நிலத்தின் உயரத்தை 30 மீட்டர் கட்டங்களாக அளந்த எஸ்.ஆர்.டி.எம் (SRTM) உயரத் தரவை எடுத்து, முதல் வேலையாக, இடத்தை மீட்டரில் குறிக்கும் யு.டி.எம் (UTM) 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகையிலேயே விட்டால் பரப்பும் சரிவும் தப்பாகும்.

அடுத்த படியில், உயரத் தரவில் நீர் வெளியேற வழியில்லாத பள்ளங்களை நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் ஓடைக்கோடு பாதியில் அறுந்துவிடும்; நிரப்பினாலோ ஏரிகள் அத்தனையும் மறைந்துபோகும், ஏனென்றால் கரை கட்டிய ஏரியும் உயரத் தரவில் வெறும் பள்ளம்தான். வேறு நாட்டு ஆறுகளுக்கு எழுதிய பாடங்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. நம் ஊரில் இதுதான் உயிர்நாடி. ஆகவே நிரப்பிவிட்டு, ஒவ்வொரு பெரிய ஏரியின் கலிங்கிலும் (ஏரி நிரம்பினால் நீர் வழியும் இடம்) துணைப்படுகையை, அதாவது அந்த இடத்துக்கு நீர் வடியும் பரப்பை, பிரித்து, ஏரியை நீர்த்தேக்கமாக மறுபடி நுழைத்துவிடுங்கள். மட்டத்துக்கு மட்டம் கொள்ளளவு, கலிங்கின் நீளம், கலிங்கின் மட்டம் ஆகிய மூன்றும் தேவை. ஒரே ஓடையில் வரிசையாக உள்ள சிற்றேரிகளின் கொள்ளளவைக் கூட்டி ஒன்றாக்கலாம். கலிங்கு மட்டும் கடைசி ஏரியுடையதாக இருக்கட்டும். 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கத்தில் மதகைத் திறப்பது மனிதர் முடிவு. அங்கே பதிவான மணிவாரித் திறப்பையே உள்ளிடுங்கள்.

வழிந்தோடும் நீரைக் கணக்கிட வளைவு எண் முறை. மண்ணையும் நிலப் பயன்பாட்டையும் பொறுத்து அட்டவணையில் தரப்படும் எண் இது; எண் கூடினால் ஓடிவரும் நீரும் கூடும். 100 மி.மீ. மழைக்கு எண் 80 என்றால் 50.5 மி.மீ. ஓடிவரும், 90 என்றால் 72.6. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் போல நவம்பர் மழையில் மண் ஊறிய நிலையில், அட்டவணையில் 75 என்று இருப்பதை 87 ஆக உயர்த்தவேண்டும். ஏரிகளின் தொடக்க மட்டத்தையும் கலிங்கு வரை வையுங்கள்.

வானிலைத் துறை டிசம்பர் 2 எனத் தருவது, 1ஆம் தேதி காலை 8.30 முதல் 2ஆம் தேதி காலை 8.30 வரை பெய்த மழை. நள்ளிரவுக்கு நள்ளிரவு என்று போட்டால் உச்சம் பல மணி நேரம் தள்ளிப்போகும். அந்த மழையை 24 மணிக்கும் சமமாகப் பரப்பினால் உச்சமே படுத்துவிடும். அருகிலுள்ள தானியங்கி மழைமானியின் மணிவாரி விகிதத்தில் பிரியுங்கள். கணக்கிடும் இடைவெளி, படுகையின் தாமத நேரத்தில் (மழையின் நடுவிலிருந்து வெள்ள உச்சம் வரை ஆகும் நேரம்) 0.29 பங்கைத் தாண்டக்கூடாது. தாமதம் 1 மணி என்றால் 15 நிமிடம்.

ஆற்றில் பதிவான வெள்ளத்தோடு சரிபார்க்கையில் முதலில் மொத்தக் கன அளவு, பிறகு உச்ச நேரம், கடைசியில் உச்ச அளவு. கன அளவு பொருந்தியும் உச்சம் முந்தி வந்தால், வளைவு எண்ணைத் தொடாதீர்கள். விட்டுப்போன ஏரி எது என்று மேல்மடையில் தேடுங்கள்.