மாவுத் தடம் பிடித்து ஓடும் விளையாட்டு

முயல்–வேட்டைநாய் ஆட்டத்தில், ‘முயல்கள்’ மாவால் தடம் போட்டபடி முன்னால் போக, மற்றவர்கள் வேட்டைநாய்களாக அந்தத் தடத்தைப் பிடித்துத் துரத்துவார்கள். இதில் வேகமான கால்களைவிட ஒழுங்காகப் போட்ட தடம்தான் முக்கியம். தடம் சொதப்பினால் பத்தே நிமிஷத்தில் பிள்ளைகள் சலித்துப்போய் நிழல் தேடி உட்கார்ந்துவிடுவார்கள்.

மொரிஷியஸில் கரும்புக்காட்டு ஓரப் பாதைகள் இதற்குத் தோதானவை. ஆனால் ஜூனில் வெட்டு தொடங்கி லாரிகள் ஓடும். அதற்கு முன், ஏப்ரல், மே மாதங்களே நல்லது. தோட்டக்காரரிடம் அனுமதி வாங்குங்கள். ஊர்க்காரர்களிடமும் சொல்லி வையுங்கள். வழியெங்கும் வெள்ளைப் பொடி கிடந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கரும்புக்குள் நுழையக் கூடாது: அதன் இலையான சோகை கையைக் கிழிக்கும், ஆள் உயரத்தைத் தாண்டிய பயிருக்குள் திசையும் தெரியாது. புதர்களில் மூஷ் ஜோன் என்னும் மஞ்சள் குளவி கூடு கட்டியிருக்கும். தடம் போடுகிறவரே முதல் நாள் நடந்து பார்த்துவிட வேண்டும்.

2 கி.மீ. பாதைக்கு 2 கிலோ மாவு போதும். கோலம் போடுகிற மாதிரி மூன்று விரலால் எடுத்து, 20 அடிக்கு ஒரு முறை நடந்தபடியே போடுங்கள். கருங்கல் மேல் பளிச்சென்று தெரியும். மேட்டுநில ஊரான கியூர்பிப் பக்கம் தூறல் அதிகம், மாவு கரைந்துவிடும். அங்கே கல்லை அம்புக்குறியாக அடுக்குவதே மேல். காகிதத் துண்டு வேண்டாம், பிறகு பொறுக்கி மாளாது.

பலர் சறுக்குவது முச்சந்தியில். பிரிவிலேயே குறி வைத்தால் ஆட்டத்தில் சுவாரசியமே இல்லை. அங்கே ஒரு வட்டம் மட்டும் போட்டு, சரியான வழியில் 30 அடி தள்ளி அடுத்த குறியை வையுங்கள். தவறான வழியில் போடும் பொய்த் தடம் மூன்று குறியோடு நிற்கட்டும், கடைசியில் பெருக்கல் குறி. அதற்கு மேல் இழுத்தால் பின்னால் வரும் சின்னப் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள்.

முயல்கள் இருவர், அதில் ஒருவர் பெரியவர். 15 நிமிஷம் முன்னால் கிளம்பட்டும். துரத்துகிறவர்கள் ஐந்து ஐந்து பேராக, குழுவுக்கு ஒரு விசிலோடு. மூன்று முறை ஊதினால் ஆபத்து, எல்லோரும் நின்றுவிட வேண்டும். முயலின் கையில் கட்டிய கம்பளி நூலை அறுத்தால் பிடித்ததாகக் கணக்கு, தள்ளுமுள்ளு இருக்காது.

மாவு தீர்ந்த இடத்தில் காலடித் தடத்தைத் தேடச் சொல்லலாம். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. காலை எட்டு மணிக்குள், சூரியனுக்கும் தனக்கும் நடுவில் தடம் இருக்கும்படி நின்று குனிந்து பார்த்தால், குதிகாலின் விளிம்பில் நிழல் விழுவது தெரியும்.

முடிந்ததும் தலை எண்ணுங்கள். முயல்கள் வந்த வழியே திரும்பி மிச்ச மாவைக் காலால் கலைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரக் குழு பழைய தடத்தின் பின்னால் போய்விடும்.