சீக்வென்சரைப் பழி சொல்வதற்கு முன்

சீக்வென்சர் என்பது எந்த நோட்டை எப்போது வாசிக்க வேண்டும் என்று மற்ற இசைக்கருவிகளுக்கு வரிசையாகச் சொல்லும் பெட்டி. அதை வாங்கிய முதல் வாரமே பழுது என்று முடிவு கட்டிவிட்டேன். ப்ளே பொத்தானை அழுத்தினால் 16 விளக்குகளும் வரிசையாக ஓடின. அதோடு இணைத்த சின்தசைசர், அதாவது சத்தத்தை உண்டாக்கும் மின்னணுக் கருவி, மட்டும் வாயே திறக்கவில்லை. மெனுவுக்குள் போய் ஃபேக்டரி ரீசெட் கொடுத்தேன். அப்போதும் சத்தமில்லை. நான்கு நாள் உட்கார்ந்து போட்ட பேட்டர்ன்கள் (திரும்பத் திரும்ப ஓடும் நோட்டு வரிசைகள்) போனதுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால், கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மிடி மொழியில் சீக்வென்சர் சேனல் 1-ல் பேசிக்கொண்டிருக்க, சின்தசைசர் சேனல் 3-ல் காது வைத்துக்கொண்டிருந்தது.

ரீசெட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு ஓடுகிறது என்றால் சீக்வென்சர் பெரும்பாலும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ‘இந்த நோட்டை இப்போது வாசி’ என்று அடுத்த கருவியிடம் சொல்வதுதான் அந்த வேலை. சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பதை வெளியில்தான் தேட வேண்டும். மிடியில் 16 சேனல்கள் உண்டு. டிரம் சத்தங்களைப் பல கருவிகள் 10-ஆவது சேனலில் எதிர்பார்க்கும். அப்புறம் கேபிள். சீக்வென்சரின் ‘அவுட்’ துளையிலிருந்து சின்தசைசரின் ‘இன்’ துளைக்குப் போக வேண்டும். ‘இன்’ துளையையும் ‘இன்’ துளையையும் இணைத்துவிட்டு மணிக்கணக்கில் முழித்தவர்களைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன், நானும் அந்தக் கட்சிதான்.

கேபிளில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. பழைய 5 பின் சாக்கெட்டுக்குப் பதிலாக, சிறிய கருவிகளில் இயர்போன் துளை மாதிரியான 3.5 மி.மீ. ஜாக்கையே மிடிக்கும் வைத்துவிடுகிறார்கள். அதில் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு விதமான வயரிங். கோர்க் எஸ்கியூ-1 என்ற சீக்வென்சர் டைப் ஏ. ஆர்ட்டூரியா பீட்ஸ்டெப் ப்ரோ என்ற சீக்வென்சர் டைப் பி. டைப் ஏ-தான் தரம் என்று 2018-ல் முடிவானது, ஆனால் அதற்கு முன் வந்த கருவிகள் இன்னும் மேசைகளில் இருக்கின்றனவே. 3.5 மி.மீ. ஜாக்கை 5 பின்னாக மாற்றும் அடாப்டரை வகை மாற்றிப் போட்டால் பொதுவாக எதுவும் எரியாது, எதுவும் நடக்கவும் நடக்காது. ஜாக் கச்சிதமாகப் பொருந்திவிடுவதால் அதன்மேல் சந்தேகமும் வராது. இரண்டு வகை அடாப்டரையும் வாங்கி வைத்திருங்கள்.

உண்மையான தலைவலி கிளாக்கில்தான், அதாவது எல்லாக் கருவிகளும் ஒரே வேகத்தில் ஓட அனுப்பப்படும் துடிப்புகளில்தான், ஆரம்பிக்கிறது. ப்ளே அழுத்தியும் விளக்கே நகரவில்லையா? சீக்வென்சர் வெளி கிளாக்குக்காகக் காத்திருக்கலாம். ‘சிங்க்’ அமைப்பை இன்டெர்னலுக்கு மாற்றிப் பாருங்கள். டெம்போ எண் (நிமிடத்துக்கு எத்தனை தாளத் தட்டு என்ற வேகம்) நிலைகொள்ளாமல் துடிக்கிறதா? இரண்டு இடத்திலிருந்து கிளாக் வந்துகொண்டிருக்கலாம். லேப்டாப் ஒன்று அனுப்ப, இன்னொரு கருவி ஒன்று அனுப்பும். கச்சேரி மேடையில் ஆளுக்கொரு வேகத்தில் தாளம் போட்டால் மிருதங்கக்காரர் யாரைப் பார்ப்பார்? ஒரு கருவி மட்டும் கிளாக் அனுப்பட்டும், மற்றவை வாங்கிக்கொள்ளட்டும்.

வேகம் இரட்டையாகவோ ஆமை நடையாகவோ இருந்தால் கதை வேறு. மிடி கிளாக் ஒரு கால் நோட்டுக்கு (ஒரு தாளத் தட்டுக்கு) 24 துடிப்புகள் அனுப்பும். டெம்போ 120 என்றால் வினாடிக்கு 48. கோர்க் வோல்கா என்ற சிறிய கருவிகளில் துடிப்பை வாங்கும் சிங்க் ஜாக் சாதாரணமாக எதிர்பார்ப்பதோ கால் நோட்டுக்கு 2 துடிப்புகள். அதற்கு 4 அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும். 24-ஐ எதிர்பார்க்கும் கருவிக்கு 2 மட்டும் போனால், 120 என்ற டெம்போ 10 ஆகிவிடும். ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று பலர் அணைத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். டெம்போவைத் திருகிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், இரண்டு பக்கமும் துடிப்பு எண்ணிக்கை ஒன்றுதானா என்று பாருங்கள்.

ஒரே நோட்டு இரட்டையாகக் கேட்பது விசைப்பலகை உள்ள சின்தசைசரோடு பழகும்போது வரும். நீங்கள் அழுத்தும் விசை நேராக ஒருமுறை ஒலிக்கும், சீக்வென்சர் வழியாகச் சுற்றி வந்து மறுபடியும் ஒலிக்கும். சின்தசைசரில், விசைகளை அதன் சொந்தச் சத்தத்தோடு நேராக இணைக்கும் லோக்கல் கன்ட்ரோலை ஆஃப் செய்தால் சரி. யுஎஸ்பி, 5 பின் கேபிள் இரண்டையும் ஒரே கருவிக்குக் கொடுத்தாலும் இதே கூத்து நடக்கும்.

நோட்டு நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால், ஓடும்போது கேபிளைப் பிடுங்கியிருப்பீர்கள். ‘நிறுத்து’ என்ற செய்தி வழியிலேயே தொலைந்திருக்கும். எல்லா நோட்டையும் நிறுத்தும் பானிக் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், இல்லையென்றால் சின்தசைசரை அணைத்துப் போடுங்கள்.

ஸ்பீக்கரில் கீச்சென்றோ கொய்யென்றோ இரைச்சல் வந்தால் புது ஸ்பீக்கர் வாங்கக் கிளம்ப வேண்டாம். லேப்டாப்பிலிருந்து வரும் யுஎஸ்பியைக் கழற்றி, சீக்வென்சரைத் தனி சார்ஜரில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் கிரவுண்ட் (எர்த்) இணைப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளையமாகிவிடுவது. 5 பின் மிடி இதில் கெட்டிக்காரத்தனமானது: செய்தியை வாங்கும் பக்கத்தில் ஆப்டோ ஐசொலேட்டர் என்ற சிறு பாகம் இருக்கும். செய்தி அதற்குள் ஒளியாக மாறித் தாண்டுவதால் இரண்டு கருவிகளின் கிரவுண்டும் ஒட்டிக்கொள்வதில்லை. யுஎஸ்பியில் அந்தத் தடுப்பு வழக்கமாக இல்லை.

ஒன்று மட்டும் என்னை இன்றும் ஏமாற்றும். இரண்டு டிராக் ஒன்றாகத் தொடங்கி, மெல்ல விலகிப் போகும். கிளாக், கேபிள், மென்பொருள் அப்டேட் என்று எல்லாவற்றையும் சந்தேகித்துவிட்டுப் பார்த்தால், கை பட்டு ஒரு பேட்டர்னின் நீளம் 16 ஸ்டெப்புக்குப் (படிக்கு) பதிலாக 15 ஸ்டெப் ஆகியிருக்கும். அடையாளம் சுலபம்: ஒரு கால் நோட்டுக்கு நான்கு ஸ்டெப் என்ற கணக்கில், டெம்போ 120-ல், 16 ஸ்டெப்பும் 15 ஸ்டெப்பும் 240 ஸ்டெப் கழித்து, அதாவது சரியாக 30 வினாடிக்கு ஒருமுறை கைகோத்து மறுபடி பிரியும். கிளாக் கோளாறு இவ்வளவு நேரம் தவறாமல் திரும்பி வராது. அந்த 15 கேட்க நன்றாக இருந்ததால் நான் மாற்றாமல் விட்ட பாட்டுகளும் உண்டு.