தரவுத்தளத்திலிருந்து பெரிய கோப்புகளை வெளியே எடுத்த அனுபவம்

நான் பராமரிக்கும் இணையச் செயலியில், பயனர்கள் பதிவேற்றும் பிடிஎஃப், காணொளி என எல்லாமே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ‘பைட்ஏ’ புலத்திலேயே (கோப்பின் பைட்டுகளை அப்படியே வைக்கும் புல வகை) சேமிக்கப்பட்டிருந்தன. அதில் ஒவ்வொரு கோப்பும் 1 ஜிபி வரை இருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் காணொளிகள் பெருகப் பெருக, ஒவ்வொரு பதிவிறக்கத்தின்போதும் கோப்பு முழுவதும் நினைவகத்தில் ஏறியதால் சர்வர் திணறியது. போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவியான பிஜி_டம்ப் தரவை உரை வடிவில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் இரண்டு பதினறும எழுத்துகளாக மாறுவதால், இரவில் தொடங்கும் பேக்கப் விடிந்தும் முடியவில்லை.

கோப்புகளை ஒவ்வொன்றாக வட்டுக்கு மாற்றி, தரவுத்தளத்தில் பாதை, அளவு, எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) ஆகியவற்றை மட்டும் வைத்தேன். எழுதிய கோப்பை மீண்டும் படித்து ஹேஷ் பொருந்திய பிறகே பழைய புலத்தை வெறுமையாக்கினேன்; பிறர் நம்பி ஒப்படைத்த ஆவணங்களில் இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்கவே கூடாது.

அதன் பிறகும் வட்டில் இடம் திரும்பவில்லை. போஸ்ட்கிரெஸில் பழைய தரவைத் துப்புரவு செய்யும் கட்டளை வேக்யூம்; சாதாரண வேக்யூம் அந்த இடத்தைப் பெரும்பாலும் மறுபயன்பாட்டுக்கு மட்டுமே விடுவிக்கும். இயங்குதளத்துக்குத் திருப்பித் தர ‘வேக்யூம் ஃபுல்’ வேண்டும். அது அட்டவணையை முழுமையாகப் பூட்டுவதோடு, புதிய பிரதியை எழுதக் கூடுதல் இடமும் கேட்கும் என்பதால், பயனர்கள் குறைவாக இருக்கும் ஞாயிறு அதிகாலையில் செயலியை நிறுத்திவிட்டு இயக்கினேன். கோப்புகள் இருக்கும் அடைவுக்கு இப்போது கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவி மூலம் தனியாக பேக்கப் எடுக்கப்படுகிறது.