விடியற்காலையில் மட்டும் விழுந்த லிங்க்

மதுரை–மேலூர் பக்கம், இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே ஒரு வயர்லெஸ் லிங்க்: 12 கி.மீ., 5.8 கிகாஹெர்ட்ஸ். சிக்னல் கணக்குப்படி மைனஸ் 46 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; மைனஸில் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்). ஐப்பசி மழைக்குப் பிறகு தினமும் விடியும் நேரத்தில் டேட்டா பிழைகள் குவிந்தன. கனெக்டர், கேபிள் மாற்றினேன், சேனலும் மாற்றினேன். நான்கு நாள் வீண்.

15 நிமிட சராசரியில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஒரு நொடிக்கு ஒரு பதிவு எடுத்தபோதுதான் சிக்னல் மைனஸ் 72 வரை இறங்கி ஏறுவது தெரிந்தது. பாதையின் நடுவே கண்மாய் நிரம்பியிருந்தது! நீரில் பட்டுத் திரும்பும் அலை, விடியலில் காற்றடுக்கின் வெப்பநிலை மாறும்போது நேராக வரும் அலையை வெட்டுகிறது.

ஆன்டெனாவை 2 மீட்டர் இறக்கினேன். கரைப் பனைகள் எதிரொளிப்பை மறைத்தன. பாதையின் நடுவில் ஃபிரெனல் வட்டத்தின் (நேர்கோட்டைச் சுற்றி அலைக்குத் தேவையான இடம்) ஆரத்தில் 60 சதவீதம், அதாவது 7.5 மீட்டர், தடையில்லாமல் இருப்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். இப்போது விடியலிலும் பிழை இல்லை; நிம்மதி.