ஆர்எக்ஸ் 100 சேம்பர்: லேத்துக்கு அனுப்பும் முன்னும் பின்னும் நடக்கும் தவறுகள்

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் உற்பத்தி 1996-இல் நின்றது. இன்று எஞ்சின் இறங்கும் வண்டிகளில் பலவற்றின் சேம்பர் (கிராங்க் சுற்றும் அலுமினியக் கூடு, அதாவது கிராங்க்கேஸ்) ஏற்கெனவே பல கை மாறியது. புது பிஸ்டன், கிராங்க் என்று செலவழிப்பவர்கள்கூட சேம்பரைக் கழுவி அப்படியே மூடிவிடுகிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை சேம்பருக்குள் அழுத்தப்பட்டுத்தான் மேலே போகிறது. அங்கே காற்று உள்ளே இழுத்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து வறண்டு, புது பிஸ்டனே ஜாம் ஆகும்.

முதல் சேதம் பிரிக்கும்போதே நடக்கிறது. சேம்பரின் இரண்டு பாதிக்கும் நடுவில் பேக்கிங் கிடையாது, பாண்ட் எனும் பசை மட்டும்தான். அந்த முகத்தில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் விழும் பள்ளத்தைப் பாண்ட் வெகுநாள் தாங்காது. புல்லர் போட்டே பிரிக்க வேண்டும்.

விரிசலைக் கழுவிக் காய்ந்த பிறகுதான் தேட வேண்டும். மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பொடி தூவினால் விரிசல் ஈரக்கோடாகத் தெரியும். செயின் அறுந்து அடித்திருக்கக்கூடிய முன் பல்சக்கரத்தைச் சுற்றி கட்டாயம் பாருங்கள்.

அதிகம் கெடுவது பேரிங் உட்காரும் குழியான பேரிங் சீட். பேரிங் லூஸ் என்றால் சுற்றிலும் பன்ச் அடித்து இறுக்குவது பல பட்டறைகளில் வழக்கம். இதைச் செய்யவே கூடாது. பன்ச் எழுப்பும் சின்ன முனைகள் மட்டுமே பேரிங்கைத் தொடும். சில நூறு கிலோமீட்டரில் அவை மழுங்கிவிடும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 52 மி.மீ. வெளிவிட்டமுள்ள 6304 பேரிங்கைக் கணக்கிட்டால், 80 டிகிரி சூடு கூடும்போது சீட் பேரிங்கைவிட சுமார் 0.045 மி.மீ. அதிகமாக விரிகிறது. குளிர்ந்த நிலையிலேயே கையால் உள்ளே போகும் பேரிங், ஓடும்போது சீட்டில் சுற்றத்தான் செய்யும். சரியான சீட்டில் சேம்பரை 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால்தான் பேரிங் இறங்கும். அளப்பதற்கு வெர்னியர் போதாது. உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வேண்டும், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு ஆழத்தில்.

சீட் தேய்ந்திருந்தால் போரிங் செய்து (கடைந்து பெரிதாக்கி) ஸ்லீவ் எனும் உலோக வளையம் போடலாம். ஆனால் ஒரு பாதியை மட்டும் லேத்துக்குக் கொடுப்பது பெரிய தவறு. இரு பாதியையும் நேராக நிறுத்தும் டோவல் பின்னோடு இரண்டையும் பூட்டி, எதிர்ப் பாதியின் சீட்டிலிருந்தே சென்டர் எடுக்க வேண்டும். வெளிவடிவத்தைப் பிடித்துக் கடைந்தால் சென்டர் விலகி, கிராங்க் இறுகும். ஆயில் சீல் ஒரு பக்கமாகத் தேயும். வேறொரு எஞ்சினின் பாதியை வாங்கிச் சேர்ப்பதிலும் இதே ஆபத்து உண்டு.

ஆர்கான் வெல்டிங் தேவையென்றால் அதை முதலில் முடித்துவிடுங்கள். போரிங்குக்குப் பின் வெல்டிங் வைத்தால் சூட்டில் சீட் கோணிவிடும்.

இணைப்பு முகத்தை மில்லிங்கில் சீவக் கூடாது. சீவிய அளவுக்குக் கிராங்க், கியர் ஷாஃப்ட் இரண்டின் பக்க இடைவெளியும் குறையும். தடித்த கண்ணாடி மேல் 600 நம்பர் உப்புத்தாள் வைத்து, எட்டு வடிவில் லேசாகத் தேய்த்து மேடுகளை மட்டும் எடுத்தால் போதும். சிலிண்டர் உட்காரும் முகத்தை இரு பாதியையும் பூட்டிய பிறகே தொட வேண்டும். அங்கே அதிகம் எடுத்தால் சிலிண்டரின் வாய்கள் திறந்து மூடும் நேரமான போர்ட் டைமிங்கே மாறும்.

இழை போன எம்6 (6 மி.மீ. போல்ட்) துளைகளுக்குப் புது இழை தரும் கம்பிச் சுருளான ஹெலிகாயில் போடுங்கள். மெயின் பேரிங்குக்கு எண்ணெய் போகும் துளைகளில் கடைசல் தூள் நின்றுவிடாமல் காற்றடித்துப் பாருங்கள்.

பூட்டியதும் இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை அடைத்து 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள். 6 நிமிடத்தில் 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால், எஞ்சினை வண்டியில் ஏற்றும் முன் சோப்பு நீர் தடவிக் கசிவைக் கண்டுபிடியுங்கள்.