பழைய உத்தரத்துல ஏறியிருக்கிற பெயிண்டை உரிக்கிறது எப்படி

கும்பகோணம் பக்கத்துல எங்க தாத்தா வீட்டுக் கூடத்துல மெட்ராஸ் டெரஸ் கூரை, அதாவது தேக்கு உத்தரம், அதுக்கு மேல சின்னக் கட்டைங்க, அதுக்கு மேல செங்கல்லைக் குத்தா அடுக்கி சுண்ணாம்புல கட்டினது. அந்த உத்தரத்துக்கெல்லாம் பொங்கலுக்குப் பொங்கல் யாரோ எனாமல் அடிச்சிருக்காங்க. போன வருஷம் கத்தி முனையில ஒரு ஓரத்தைக் கிளறிப் பார்த்தா மேல ஆகாச நீலம், அடுத்து பச்சை, அப்புறம் சாக்லேட் கலர், கடைசியா ஒரு கறுத்த வார்னிஷ், அதுக்கும் அடியில தேன் நிறத்துல மரம். அதைப் பார்த்ததும் ஆசை வந்துடுச்சு, ஒரு உத்தரத்துக்கு ரெண்டு நாள் போகும்னு மட்டும் அப்போ யாரும் சொல்லல.

மெஷினை எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சிடாதீங்க, எல்லாரும் பண்ற முதல் தப்பு அதுதான். பழைய எனாமல்ல ஈயம் இருக்க வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி. நம்ம நாட்டுல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு) தாண்டக்கூடாதுங்கிற விதியே 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு, அதனால அதுக்கு முந்தி அடிச்சதுன்னா ஈயம் இருக்குன்னே வெச்சுக்கங்க. காய்ஞ்ச உப்புத்தாள்ல தேய்ச்சா அந்தத் தூசி வீடு பூரா பறக்கும், தரையில தவழ்ற குழந்தை கையில ஒட்டி வாய்க்குப் போகும். குழந்தைங்க, மாசமா இருக்கறவங்க வேலை முடியற வரைக்கும் வேற வீட்டுல இருக்கட்டும். ஜமுக்காளம், மெத்தை எல்லாத்தையும் வெளியேத்திட்டு தரைக்குக் கனமான பாலித்தீன் ஷீட் விரிச்சு ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்க. தலைக்கு மேல வேலைங்கறதால கண்ணை மூடற பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், அது இல்லாம ஏணியில ஏறாதீங்க. முழுக்கை சட்டை, நல்ல மாஸ்க், தலைக்குத் துண்டு. ஏணியை விட சாரம் கட்டினா கழுத்து தப்பிக்கும்.

முதல்ல ஒரு சாண் இடம். கண்ணுல படாத மூலையில அந்த அளவுக்கு மட்டும் உரிச்சுப் பாருங்க. அடியில வர்றது தேக்கா, இல்ல கறையான் அரிச்ச பொந்தை பட்டி வெச்சு மறைச்சிருக்காங்களான்னு அப்பவே தெரிஞ்சிடும். சுவத்துக்குள்ள போற முனையில ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க, பொத்துன்னு உள்ள போச்சுன்னா பெயிண்டை மறந்துட்டு ஆசாரியைக் கூப்பிடுங்க.

அடுத்து ஹீட் கன், அதாவது சூடான காத்தை ஊதுற மெஷின். தட்டையான முகத்துல தடிமனா ஏறின எனாமலுக்கு இதுதான் பெஸ்ட். சூட்டை 350லேர்ந்து 450 டிகிரி செல்சியஸுக்குள்ள வைங்க, 600 பக்கம் போனா ஈயமே ஆவியா வரும், அதனால தீ கக்குற ப்ளோ லாம்ப் வேண்டவே வேண்டாம். ரெண்டு இஞ்ச் தள்ளிப் பிடிச்சு மெதுவா அசைச்சுக்கிட்டே இருந்தா பெயிண்ட் முதல்ல பளபளன்னு ஆகும், அப்புறம் அப்பளம் பொரியற மாதிரி கொப்பளம் விடும். அந்த நொடியில பட்டித் தகட்டை மர ரேகையோட போக்குலயே தள்ளினீங்கன்னா சுருள் சுருளா வரும், ஒரு நொடி லேட்டானா திரும்ப இறுகிடும். ரேகைக்குக் குறுக்கே தள்ளினா மரத்துல கீறல் விழும், அது எந்த பாலிஷ்லயும் மறையாது. தகட்டோட கூர் முனைங்களை முன்னாடியே அரம் வெச்சு மழுக்கிடுங்க.

உத்தரமும் செங்கலும் சேர்ற இடுக்குல மட்டும் ஹீட் கன் காட்டாதீங்க, அங்க ஒட்டடை, அணில் கொண்டு வந்து வெச்ச நார்னு என்னென்னமோ இருக்கும், ஒரு பொறி உள்ள போய்ப் புகைஞ்சா நமக்குத் தெரியாது. பக்கத்துல ஒரு வாளி தண்ணி இருக்கட்டும், வேலை முடிச்சு ஒரு மணி நேரமாவது அங்கேயே இருந்து பாருங்க.

இடுக்கு, பூ வேலை இதுக்கெல்லாம் ரிமூவர், அதாவது பெயிண்டை இளக்குற மருந்து. தண்ணியா இருக்கிறது தலைக்கு மேல நிக்காது, சொட்டும், அதனால ஜெல் மாதிரி கெட்டியா இருக்கறதைக் கேட்டு வாங்குங்க. டப்பாவுல மெத்திலீன் குளோரைடுன்னு போட்டிருந்தா வெச்சிட்டு வந்துடுங்க, மூடின ரூம்ல அதோட ஆவி ஆளையே சாய்ச்சிடும், அமெரிக்காவுல 2019லேயே அந்த ரிமூவரைப் பொதுமக்களுக்கு விக்கக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. பென்சைல் ஆல்கஹால் வகை மெதுவாதான் வேலை செய்யும், பரவாயில்ல. தடிமனா ஒரு கோட்டு அப்பி, மேல பாலித்தீன் ஒட்டி மூடி ராத்திரி பூரா விடுங்க. காலையில சேறு மாதிரி வழிச்சு எடுத்துடலாம். ரிமூவர் போட்ட இடத்துல திரும்ப ஹீட் கன் காட்டக்கூடாது. சூடு எப்பவும் முதல்ல, ரிமூவர் பின்னாடி.

நான் கெடுத்தது ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். சீக்கிரம் முடியட்டும்னு ஒரு உத்தரத்துக்கு காஸ்டிக் சோடா கரைச்சுப் பூசினேன். பெயிண்ட் கழண்டுச்சு, வாஸ்தவம்தான், ஆனா தேக்கு கருகருன்னு ஆகி நார் எழும்பி நாய் முடி மாதிரி நின்னுச்சு. பூஜை ரூம் வாசல்ல அது இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு.

கூரைக்கு வெள்ளையடிச்சப்போ சிந்தின சுண்ணாம்புத் திட்டு ஹீட் கன்னுக்கும் அசையாது, ரிமூவருக்கும் அசையாது. வினிகர்ல துணியை நனைச்சு கொஞ்ச நேரம் ஒட்டி வெச்சா நுரைச்சுக்கிட்டு இளகும், அப்புறம் தண்ணியில துடைச்சிடுங்க. ஸ்டீல் கம்பி நார் போட்டுத் தேய்க்காதீங்க, அந்தத் தூள் ஈரத்துல தேக்கோட சேர்ந்து கறுப்புப் புள்ளியா ஊறிடும், நைலான் பிரஷ் போதும்.

மிச்சம் ஒட்டியிருக்கிறதை வாட்டர் பேப்பரை (ஈரத்துல தேய்க்கிற உப்புத்தாள்) நனைச்சு 80, 120, 180 நம்பர்னு வரிசையா தேய்ங்க, ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியால துடைங்க. விளக்குமாறு கூடாது. உரிச்ச குப்பையை ரெட்டைக் கவர்ல போட்டுக் கட்டுங்க, கொல்லையில கொட்டவோ எரிக்கவோ வேண்டாம், அன்னைக்குப் போட்டிருந்த துணியைத் தனியா துவைங்க.

ரெண்டு மூணு நாள் காயவிட்டு ஆளிவிதை எண்ணெய் மெல்லிசா ஒரு கோட்டு பூசினா மரம் முழிச்சுக்கும். எண்ணெய் தொட்ட துணியை மட்டும் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க, அது தானா சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில விரிச்சு நல்லா காய்ஞ்சப்புறம் குப்பையில போடுங்க.